சொர்ணத்துக்கு வாசித்த டேப்பு

சிவசாமிக்குத் துண்டு போட்டுவிட்டார்கள். சொர்ணத்தால் அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

இலுப்பூரில் பங்குனித் திருவிழா நாடகம். மேடையில் நின்று பாடியது சொர்ணம். கால் கடுக்க நின்றது, அரிதாரத்துக்குள் வெந்து வியர்த்தது, காட்டில் வழி தவறிய ராஜகுமாரியாகக் கண்ணைக் கசக்கியது எல்லாம் சொர்ணம். பாட்டு முடிந்ததும் விழாக் கமிட்டித் தலைவர் துண்டும் கையுமாக மேடையேறினார். அவள் தலையைக் கொஞ்சம் குனிந்துகூடக் கொடுத்தாள். மனுஷர் அவளைத் தாண்டிப் போய், மேடையோரத்தில் ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சிவசாமியின் தோளில் துண்டைப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். குனிந்த தலையை நிமிர்த்த அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அந்தக் காலத்தில் புதுக்கோட்டைப் பக்கம் நடந்ததெல்லாம் ஸ்பெஷல் நாடகம். கம்பெனி, முதலாளி என்று எதுவும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊரிலிருந்து வருவார், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் வேறெங்கிருந்தோ பஸ் ஏறி வருவாள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இத்தனை பேரையும் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவர் ஆர்மோனியக்காரர். அவர் வாசிப்பார், பின்பாட்டும் பாடுவார், யாராவது வசனம் மறந்து விழித்தால் எடுத்தும் கொடுப்பார். ஆகவே ஆர்மோனியக்காரர் வாயைத் திறப்பது குற்றமே அல்ல. எங்கே திறக்கிறார் என்பதில்தான் சொர்ணத்துக்கு வழக்கு.

அவளுடைய பெயரை ஊருக்குச் சொன்னது வனப்பாட்டு. அரிமளத்து வாத்தியார் ஒருவர் அவளுக்கென்றே கட்டிக் கொடுத்தது. அதன் மூன்றாம் அடி மேலே மேலே ஏறி, உச்சியில் போய் நின்று, அங்கேயே கொஞ்சம் உலாவிவிட்டு இறங்கும். சரியாக அந்த ஏற்றத்தில் சிவசாமி குறுக்கே புகுந்துவிடுவார். வெண்கலத் தொண்டை அவருக்கு. அவர் புகுந்தால் சபை கிறங்கிப் போகும். கைதட்டு யாருக்கு விழுகிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. முன்பெல்லாம் அவர் இப்படிக் கிடையாது. நெஞ்சில் நீர் கோத்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்த பிறகுதான் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. ஆள் கொஞ்சம் அசந்த நேரம் பார்த்து வேலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார் என்று சொர்ணம் முடிவு செய்துவிட்டாள்.

அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, காணி நிலம் இல்லை. சொர்ணம் பாடுகிறாள் என்றால் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள் என்ற பேச்சு ஒன்றுதான் சொத்து. அதில் பங்கு கேட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவாளா?

வழி காட்டியவன் நாகராசு. இலுப்பூரில் மைக்செட் வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் புளியமரத்தில் குழாயைக் கட்டி ஊரை எழுப்புகிறவன். பினாங்கிலிருந்து வந்த அவனுடைய மச்சான் ஒரு டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ரெண்டு சக்கரம் சுற்றும், பேசினால் பிடித்து வைத்துக்கொள்ளும், திருப்பி ஓட்டினால் பேசியதை அப்படியே சொல்லும். நாகராசு தன் பெண்சாதி திட்டுவதைப் பிடித்து வைத்து அவளுக்கே போட்டுக் காட்டி, ஒரு வாரம் சோறில்லாமல் இருந்தான் என்று சொல்வார்கள்.

ஆர்மோனியத்தை மட்டும் இதில் பிடித்து வைத்துக்கொண்டால், ஆளே இல்லாமல் பாட்டுக்கு வாசிப்பு கிடைக்குமே என்று அவன் விளையாட்டாகச் சொன்னான். சொர்ணம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு சிக்கல். அவள் பாடும் சுருதிக் கட்டையும் அவள் பாட்டுகளின் நெளிவு சுளிவும் தெரிந்த கை ஒன்றுதான் இருந்தது. வேறொருத்தியாக இருந்தால் கூச்சப்பட்டிருப்பாள். சொர்ணம் நேரே அவர் குடியிருந்த அரிமளத்துக்குப் போய், சிவசாமியை வெளியேற்றுவதற்குச் சிவசாமியிடமே உதவி கேட்டாள். வெளியேற்றப் போகிறேன் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அவருக்கும் விளங்காமல் இருந்திருக்காது.

"பொட்டி மட்டும் வாசிங்கண்ணே. வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

"சரி ஆத்தா" என்றார் சிவசாமி.

அரிமளத்தில் ஒரு கடலை மண்டியின் சரக்குக் கிட்டங்கியில் வைத்துப் பிடித்தார்கள். மூட்டைகள் நாலு பக்கமும் அடுக்கியிருந்ததால் வெளிச்சத்தம் வரவில்லை. அவள் பாடினால் அதையும் மெஷின் பிடித்துக்கொள்ளும் என்பதால் சொர்ணம் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கடலையை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். சிவசாமி அவளைப் பார்க்கவில்லை. தனக்கு வலப்பக்கம், மேடையில் அவள் நிற்கிற இடம் எதுவோ அந்த வெற்றிடத்தை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து வாசித்தார். சில இடங்களில் தலையை ஆட்டிக் காத்திருந்தார். உட்கார்ந்திருக்கிறவளை விட்டுவிட்டு ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கிறாரே, வயசாகிவிட்டது என்று அவள் நினைத்தாள். முடித்த பிறகு அவர் நாகராசுவைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். கூலி விஷயமாக இருக்கும் என்று அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிக்காட்டு ஊரில்தான் டேப்பு முதலில் மேடையேறியது. மற்ற நடிகர்களுக்கு வாசிக்க ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு ஆர்மோனியக்காரர் வந்திருந்தார். சொர்ணம் மேடைக்கு வந்ததும் அவர் பொட்டியை மூடிவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். குழாயில் ஆர்மோனியம் கேட்டது. சபையில் ஒரு சலசலப்பு. ஒரு பெரியவர் எழுந்து போய்ப் படுதாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, அங்கிட்டு யாரும் இல்லை என்று ஊருக்கு அறிவித்தார்.

சொர்ணம் அன்றைக்குப் பாடியதைப் போல் அதற்கு முன் பாடியதில்லை என்று சொன்னார்கள். ஏற்றம் வந்தது. யாரும் குறுக்கே புகவில்லை. ஆர்மோனியம் மட்டும் உச்சியில் நின்று குழைந்தது, அவள் அதோடு சேர்ந்து நின்று இறங்கினாள். கைதட்டு பிரிக்கவே தேவையில்லாமல் முழுசாக அவளுக்கு வந்தது. மெஷின் எவ்வளவு அழகாகத் தன் பேச்சைக் கேட்கிறது என்று அவளுக்கே ஆச்சரியம். மனுஷர்கள்கூட இத்தனை அனுசரித்துப் போவதில்லை என்று நாகராசுவிடம் சொன்னாள்.

குறை சொன்னவர் மிருதங்கம் வெள்ளைச்சாமி ஒருவர்தான். சிவசாமி என்றால் கண் காட்டுவார், முகம் பார்க்காத மாப்பிள்ளையோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது என்று கேட்டார். அவர் பேச்சு எடுபடவில்லை.

அந்த வாரமே அவள் சிவசாமிக்கு ஆள் விட்டுச் சொல்லிவிட்டாள். இனி அவர் வர வேண்டியதில்லை, நல்லபடியாக வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். சரி என்று பதில் வந்தது. கோபித்துக்கொண்டிருந்தாலாவது அவளுக்குச் சண்டை போடத் தோதாக இருந்திருக்கும். ஒற்றைச் சரியோடு முடித்துக்கொண்டது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. அப்புறம் நாடகங்கள் வரிசையாக வந்தன. டேப்பு ஊர் ஊராகப் போயிற்று. நோட்டீசில் "தனித்துப் பாடும் சொர்ணம்" என்று அச்சடித்தார்கள். அவள் அந்த நோட்டீசை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுவருஷம் மாசியில் அரிமளத்தில் ரெண்டு நாள் நாடகம் வைத்தார்கள். மாசி நாடகம் என்பது கிட்டத்தட்ட மாட்டுச் சந்தை மாதிரி. சித்திரைத் திருவிழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பார்க்க அக்கம்பக்கத்து ஊர்க் கமிட்டிக்காரர்கள் எல்லாம் வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். முதல் நாள் சொர்ணம். மறுநாள் செவந்தி என்று ஒரு புதுப் பெண். அவளுக்கு அரிமளத்தில் சொந்தம் இருந்ததால் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள்.

நடிகர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்து, நாகராசு வகுப்பறையில் மெஷினை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். செவந்தி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள், அப்புறம் இதோடு தானும் ஒரு தடவை பாடிப் பார்க்கலாமா என்று கேட்டாள். வனப்பாட்டு அவளுக்கு மனப்பாடம். சொர்ணத்திடமிருந்து கேட்டுக் கேட்டு வந்ததுதான். சொர்ணத்துக்குப் பெருமையாக இருந்தது. பாடு, பாடு என்றாள். நாகராசு மட்டும் ஏனோ தலையைச் சொறிந்தான். பிறகு போட்டுவிட்டான்.

செவந்திக்கு நல்ல குரல். முதல் அடியைப் பாடி முடித்து அடுத்த அடிக்கு வாயெடுத்தாள். ஆர்மோனியம் இன்னும் வரவில்லை. அது பாட்டுக்கு ஒரு சின்ன வளைவு போட்டுக்கொண்டிருந்தது. செவந்தி நின்று, அது வந்ததும் சேர்ந்துகொண்டாள். ரெண்டாம் அடியில் நடுவிலேயே ஒரு வளைவு வந்தது. மறுபடியும் நின்றாள். அடியின் கடைசியில் இன்னொன்று, இன்னும் நீளமாக. அவள் சிரித்துவிட்டாள்.

மெஷின் பழுதோ என்று சொர்ணம் கேட்டாள். மெஷின் சரியாகத்தான் ஓடுகிறது என்றான் நாகராசு. அவன் முகம் சரியில்லை.

மூன்றாம் அடி வந்தது. செவந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறினாள். ஏற்றத்தின் பாதியில் ஆர்மோனியம் திடீரென்று பெரிதாகக் குரலெடுத்து, தானே உச்சிக்குப் போய், தானே உலாவியது. ஒரு வாய் பாட வேண்டிய அத்தனையையும் அது பாடியது. செவந்தியும் விடாமல் மேலே போனாள். அறை முழுக்க அவள் குரல் நிறைந்தது. ரெண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

சொர்ணம் நாற்காலியில் அப்படியே இருந்தாள். மூன்றாம் அடியின் உச்சியை ஒரு பெண் குரலில் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. மேடையில் அந்த இடத்தில் தன் வாய் திறந்திருக்கும். அது நினைவிருந்தது. சத்தம் வந்ததா? முந்திரிக்காட்டு ஊரில் வந்ததா? இலுப்பூரில் வந்ததா? நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஆர்மோனியத்தின் சத்தம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு முன்பு சிவசாமியின் தொண்டை. அதற்கும் முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டில்.

"என்னக்கா இது?" என்றாள் செவந்தி. "எதுக்கு இங்கெல்லாம் சும்மா சும்மா நிக்கிறாரு? தூங்கிட்டாரா?"

சொர்ணம் நாகராசுவைப் பார்த்தாள். அன்றைக்குக் கிட்டங்கியில் அவனைத் தனியே கூப்பிட்டு என்ன சொன்னார் என்று கேட்டாள். அவன் மெஷினை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டே சொன்னான்.

"இத வேற யாரு பாடவும் போட்டுறாதப்பான்னு சொன்னாருக்கா. அங்கங்க மூச்சுக்கு எடம் விட்டுருக்கேன், வேற யாராச்சும் பாடுனா வெளிய தெரிஞ்சு போகும்னாரு. எனக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும். மறந்து தொலைச்சுட்டேன்."

செவந்தி சின்னப் பெண்தான், ஆனாலும் மேடைக்காரி. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, முகம் கழுவப் போகிறேன் என்று வெளியே போய்விட்டாள்.

சொர்ணத்துக்கு முதலில் வந்தது வெட்கம். அப்புறம் கோபம், அதுவும் சிவசாமிமேல். திருடனைப் பிடித்துவிட்டோம் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, தன் வீட்டில் நெல்லைக் கொட்டிவிட்டுப் போனவன்தான் அவன் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? பிறகு கோபமும் அடங்கி, அழுகை வந்தது. அதை அவள் அங்கே அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

சிவசாமி வீட்டில் இல்லை. அதே கடலை மண்டியில் இருந்தார். அவருடைய மைத்துனருக்குச் சொந்தமான மண்டி அது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இன்றைக்கு எங்கேயும் வாசிப்பு இல்லையா என்று அவள் கேட்டாள். இந்த வருஷமே அதிகம் இல்லை என்றார். ஏன் என்று கேட்டதற்கு முதலில் மழுப்பினார். அவள் விடவில்லை. அப்புறம் சொன்னார். ரெண்டு மூன்று ஸ்திரீபார்ட்டுகள் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். யாருக்கும் சரிவரவில்லையாம்.

"கை நின்னுருது ஆத்தா. அதுங்க பாட்டுக்குப் பாடிக்கிட்டுப் போகுதுக, நான் அடி முடிஞ்சதும் நின்னுர்றேன். வேணும்னு செய்யல. பழக்கம். சிவசாமி இழுத்து நிறுத்துறாரு, நமக்கு ஆகாதுன்னுட்டாக."

சொர்ணம் ஒரு மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டாள். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றாள்.

"சொன்னா பாடுறதையே விட்டுருப்ப" என்றார் அவர்.

அது உண்மைதான். அவளுக்கும் தெரிந்தது. மண்டிக்குள் யாரோ மூட்டையை உருட்டிக்கொண்டு போனார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாயங்காலம் வந்து வாசிக்க வேண்டும் என்றாள். அவர் தயங்கினார். முன்வரிசையில் நாலு ஊர்க் கமிட்டி உட்கார்ந்திருக்கும், டேப்பு நன்றாகத்தானே ஓடுகிறது, ஆகாத கை என்று பேர் வாங்கினவனை எதற்குக் கூட்டிப் போகிறாய் என்று கேட்டார்.

"எனக்கு ஆகும்ல" என்றாள் சொர்ணம். "வாங்கண்ணே."

அவர் தராசைத் துடைத்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பொட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஆலங்குடிக்காரர் இடம் கொடுத்துத் தள்ளி உட்கார்ந்தார். வெள்ளைச்சாமி மிருதங்கத்தைத் தட்டித் தட்டி, வந்துட்டாருய்யா மாப்பிள்ளை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நாகராசு மெஷினை மூடி வைத்துவிட்டு மைக்கை மட்டும் சரிசெய்தான்.

சொர்ணம் ராஜகுமாரியாக வந்து நின்றதும் கூட்டம் அடங்கியது. முதல் அடியைப் பாடினாள். முடிந்ததும் அந்தச் சின்ன வளைவு வந்தது. அவள் மூச்சு வாங்கினாள். இத்தனை வருஷமாக வாங்கிய மூச்சுதான், இப்போதுதான் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினாள். ரெண்டாம் அடியும் அப்படியே போயிற்று. மூன்றாம் அடியில் ஏற ஆரம்பித்தாள். பாதி தூரம் வந்தாயிற்று. சிவசாமி எப்போதும் போல் அவளுக்கு ஒரு நொடி முந்திக் குரலெடுக்க வாயைத் திறந்தார்.

அதற்குள் சொர்ணம் நிறுத்திவிட்டாள். வாயை நன்றாக மூடிக்கொண்டு, சபையை விட்டுத் திரும்பி, உடம்பு முழுக்க அவர் பக்கம் நின்றாள்.

சிவசாமி விழித்தார். அவள் வாயசைத்தால்தான் அவர் குரலுக்கு மறைவு. இப்படி நின்றால் ஊருக்கே வெட்டவெளிச்சம். வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். அந்த இடத்தையே ஆர்மோனியத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றி அவளுக்கு விட்டுக் கொடுத்தார். அவள் எடுக்கவில்லை. மறுபடியும் சுற்றினார். வெள்ளைச்சாமி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி விரலை மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் பேச்சு கிளம்பியது.

"பாடுங்கண்ணே" என்றாள் சொர்ணம். மைக் அதைப் பிடித்துக் கண்மாய்க்கரைக் குழாய் வரைக்கும் சொல்லிற்று.

சிவசாமி பாடினார். கண்ணை மூடிக்கொண்டு, மேலே போய், உச்சியில் நின்று உலாவினார். ஸ்திரீபார்ட் வாய் மூடி நிற்க ஆர்மோனியக்காரர் பாடுவதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், இந்தம்மாவுக்கு மூச்சு போச்சு போலருக்கே என்று சொன்னார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். அது சொர்ணத்துக்கு நன்றாகக் கேட்டது. சித்திரையில் இந்த வரிசையில் பாதிப் பேர் செவந்தி வீட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துதான் திரும்பி நின்றாள். ஆனாலும் வலித்தது.

சிவசாமி உச்சியிலிருந்து இறங்கி, அடியை முடித்து, கண்ணைத் திறந்தார். கை நின்றது. அவள் மூச்சை இழுத்துக்கொள்ளும் வரை காத்திருந்தார். சொர்ணம் சபையைப் பார்த்துத் திரும்பி நாலாம் அடியை எடுத்தாள்.